புரிய வைக்க வேண்டியதில்லை: ஆட்டிவைப்பவரிடமிருந்து விடுபடுவது எப்படி?

ஒரு சின்ன விஷயத்தில் "முடியாது" என்று சொல்லிப் பாருங்கள். இன்று வெளியே வர முடியாது, இந்த வாரம் கடன் தர முடியாது, இப்போது போனில் பேச முடியாது, ஏதோ ஒன்று. சாதாரண மனிதர் முகத்தைச் சுளிப்பார், கொஞ்ச நேரம் முறுக்கிக்கொள்வார், அப்புறம் விட்டுவிடுவார். ஆட்டிவைப்பவரிடம் அந்த "முடியாது" முடிவதே இல்லை. ஏன் முடியாது, அப்படியென்றால் என் மேல் அக்கறை இல்லையா, நான் உனக்காக என்னவெல்லாம் செய்தேன் என்று பேச்சு நீண்டு, மூன்று மணி நேரம் கழித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பது நீங்களாக இருக்கும். கை நீட்டும் பழக்கம் உள்ளவரிடம் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு இனி எந்தச் சோதனையும் தேவையில்லை.

"டாக்ஸிக்" என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் புரள்கிறது. கோபக்காரர், சிடுமூஞ்சி, சுயநலக்காரர் என்று எல்லோரையும் அதற்குள் அடைத்துவிடுகிறோம். இங்கே பேசப்போவது அவர்களைப் பற்றியல்ல. உங்கள் பாசம், பயம், குற்ற உணர்வு மூன்றையும் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு, உங்களைத் தன் விருப்பத்துக்கு நடக்கவைக்கும் ஒருவரைப் பற்றி. அவர் துணையாக இருக்கலாம், தாயோ தந்தையோ ஆகலாம், நெடுநாள் நண்பராகவோ மேலதிகாரியாகவோ இருக்கலாம். ஆண், பெண் என்ற வித்தியாசம் இதில் இல்லை.

ஒரே ஒரு சண்டையை வைத்து யாரையும் முடிவு கட்டக் கூடாது. இரண்டு விஷயங்களைச் சில வாரங்கள் கவனியுங்கள். முதலாவது, மன்னிப்புக் கேட்டபின் நடத்தை மாறுகிறதா, அல்லது மன்னிப்பு மட்டும்தான் திரும்பத் திரும்ப வருகிறதா? இரண்டாவது, இதே மனிதர் மற்றவர்களிடம் எப்படி இருக்கிறார்? விருந்தாளி வந்ததும் குரல் தணிகிறது, மேலதிகாரி முன் கோபம் வருவதே இல்லை, உங்களிடம் மட்டும் "கோபத்தை அடக்க முடியலை" என்றால், அவரால் அடக்க முடிகிறது என்றுதான் பொருள். உங்களிடம் அடக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, அவ்வளவே.

பலர் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள். "அவர் நார்சிசிஸ்ட்டா, தன்னையே பெரிதாக நினைக்கும் ஆளுமைக் கோளாறு உள்ளவரா?" என்று தேடித் தேடிப் படிக்கிறார்கள். அது ஒரு மருத்துவ முத்திரை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 9 குணங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் குறைந்தது 5 நிலையாக இருந்தால்தான் அந்த ஆளுமைக் கோளாறு என்கிறது. அதைக் கண்டறிவது பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்துச் செய்யும் வேலை. விலகுவதற்கு அந்த முத்திரை உங்களுக்குத் தேவையில்லை. அவருக்கு நோய் இருக்கிறதா என்று தெரியாமலே, இந்த உறவு உங்களை நோயாளியாக்குகிறது என்று தெரிந்துகொள்ள முடியும்.

ஒரு சண்டையைப் பிரித்துப் பார்த்தால்

பேச்சில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

"நேத்து ஏழு மணிக்கு வர்றேன்னு சொன்னீங்களே? ரெண்டு மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் எப்போ சொன்னேன்? ஒம்பதுன்னுதான் சொன்னேன்."

"இல்லீங்க, ஏழுன்னு..."

"உனக்கு இப்பல்லாம் எதுவுமே ஞாபகம் நிக்கறதில்ல. போன வாரமும் இப்படித்தான். எனக்கே பயமா இருக்கு."

"அப்படியா சொல்றீங்க?"

"சரி விடு. நான் எது செஞ்சாலும் உனக்குக் குத்தம்தான். வேற யாராவது இருந்தா உன்கிட்ட இவ்வளவு பொறுமையா இருப்பாங்களா?"

இரண்டாவது வரியில் நடந்ததே இல்லை என்றாகிவிட்டது. நான்காவது வரியில் தாக்குதல் உங்கள் நினைவாற்றல் மீது திரும்பியது, அதுவும் அக்கறை என்ற உறை போட்டு. கடைசி வரியில் பாதிக்கப்பட்டவர் அவர், பாவம் செய்தவர் நீங்கள். காத்திருந்த இரண்டு மணி நேரம் பேச்சிலிருந்தே காணாமல் போய்விட்டது. மறுப்பது, எதிர்த்துத் தாக்குவது, பாதிக்கப்பட்டவர் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்வது என்ற இந்த மூன்று படிகளுக்கு அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் 1997இல் "டார்வோ" என்று பெயர் வைத்தார். ஒருமுறை இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால், அடுத்த சண்டையில் எந்தப் படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாதத்தில் ஜெயிக்க அது உதவாது. உங்கள் தலை சுற்றாமல் இருக்க உதவும்.

நான்காவது வரியில் இருப்பதுதான் கேஸ்லைட்டிங். பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய ஒரு மேடை நாடகத்திலிருந்து வந்த பெயர். அதில் கணவன் பொருள்களைத் தானே ஒளித்துவைத்துவிட்டு மனைவிக்குத்தான் மறதி என்பான். மேல் மாடியில் அவன் ரகசியமாக விளக்கேற்றும்போதெல்லாம் கீழே எரிவாயு விளக்கு, அதாவது கேஸ்லைட், மங்கும். மங்குவதைத் தன் கண்ணால் பார்த்தும், தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் நடுங்குவாள். வெறும் பொய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பொய் ஒரு செய்தியை மறைக்கும். கேஸ்லைட்டிங் உங்கள் கண்ணையும் காதையுமே நம்ப விடாமல் செய்யும்.

மற்ற வழிகள் எளிதில் அடையாளம் தெரிபவை. நாள்கணக்கில் பேசாமல் இருந்து நீங்களாக வந்து கெஞ்ச வைப்பது. உங்களைப் பற்றி உங்கள் உறவினரிடம் ஒன்று, உங்களிடம் அவர்களைப் பற்றி வேறொன்று சொல்லிப் பிரித்துவைப்பது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது. கையிலுள்ள பணத்துக்கெல்லாம் கணக்குக் கேட்பது, போனைப் பிடுங்கிப் பார்ப்பது, யாரிடம் பேசலாம் என்று தீர்மானிப்பது. அடி விழவில்லையே, இதெல்லாம் ஒரு கொடுமையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள். துணை அல்லது குடும்பத்தாரை இப்படித் தொடர்ந்து கட்டுப்படுத்துவதை இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் தனிக் குற்றமாகவே சட்டத்தில் சேர்த்தன. 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

ஏன் விட முடிவதில்லை

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு பழமொழி. ஆறுதலாகச் சொல்கிறார்கள். உண்மையில் மனிதரைக் கட்டிப்போடும் கயிறு எப்படித் திரிக்கப்படுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று தெரியாமல் எப்போதாவது கிடைத்த புறா அவ்வளவு எளிதில் விடாது. அடுத்த கொத்தில் கிடைக்கலாமே! சூதாட்ட இயந்திரங்கள் ஆளைப் பிடித்துவைப்பதும் இதே தத்துவத்தில்தான். எப்போதும் கொடுமை செய்பவரை விட்டு நாம் எளிதில் விலகிவிடுவோம். பத்து நாள் உறைபனி, ஒரு நாள் வெயில் என்று இருப்பவரிடம்தான் மாட்டிக்கொள்கிறோம். அந்த ஒரு நாளுக்காகப் பத்து நாளும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்துகொள்கிறோம்.

டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் இந்தப் பிணைப்பை விளக்கினார்கள். இரண்டு நிலைமைகள் சேர வேண்டும். ஒருவர் கை ஓங்கியிருக்க வேண்டும். கொடுமையும் கனிவும் மாறி மாறி வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பிணைப்பு தளராமல் இறுகும். 1993இல் அவர்களே வெளியிட்ட ஆய்வில், துன்புறுத்திய துணையை அண்மையில் பிரிந்த 75 பெண்களிடம் அந்தப் பற்று எவ்வளவு என்று அளந்தார்கள். 6 மாதம் கழித்து மறுபடி அளந்தபோது அது ஏறத்தாழ 27 சதவீதம்தான் குறைந்திருந்தது.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்து ஆறு மாதமாகியும் பற்றின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆகவே ஏங்குவது, கனவில் வருவது, போனைக் கையில் எடுப்பது எதுவும் "நான் எடுத்த முடிவு தப்பு" என்பதற்குச் சாட்சி ஆகாது. "அவ்வளவு கஷ்டப்பட்டும் ஏன் அவரையே நினைக்கிறேன், எனக்கு வெட்கமே இல்லையா?" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். மனம் பழகிய விதம் அது. காலம் எடுத்துத்தான் தேயும்.

கிளம்புவதற்கு முன்

அடித்திருக்கிறார், ஆயுதம் காட்டியிருக்கிறார், கொன்றுவிடுவேன் என்றிருக்கிறார், பின்தொடர்கிறார் என்றால் முதல் வேலை பாதுகாப்பு. ஒரே ஒரு முறையாவது கழுத்தை நெரித்திருந்தால் அதை மிகப் பெரிய அபாய அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவரிடமிருந்து பிரியும் நேரமும் அதையடுத்து வரும் வாரங்களும்தான் ஆபத்து அதிகம் உள்ளவை. எனவே போகப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது, கோபத்தில்கூட. குடும்ப வன்முறை உதவி மையம் ஒன்றைத் தொடர்புகொண்டு, அவர்களோடு சேர்ந்து நாளையும் வழியையும் முடிவு செய்யுங்கள்.

அடி தடி இல்லாத இடத்திலும் ஆயத்தம் வேண்டும். முதலில் ஒரு குறிப்பேடு. நிகழ்ந்த அன்றே நான்கைந்து வரி எழுதுங்கள்: தேதி, நேரம், இருவரும் சொன்ன வார்த்தைகள் அப்படியே, யாராவது உடன் இருந்தார்களா என்பது, உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்பது. "ரொம்பக் கேவலமா நடந்துக்கிட்டார்" என்று எழுதினால் பயனில்லை. மூன்று மாதம் கழித்துப் படிக்கும்போது என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியாது. "செவ்வாய், இரவு 9.40. ஃபிரெண்டோட பேசிட்டிருந்தேன். போனைப் பிடுங்கி, 'யாருகிட்ட என்னைப் பத்திச் சொல்லிட்டிருக்க' என்றார். அரை மணி நேரம் கழித்து, தான் போனைத் தொடவே இல்லை என்றார். கை நடுங்கியது" என்று எழுதுங்கள். திரும்பத் திரும்ப மறுக்கப்படும் நினைவு நாளடைவில் மங்கும். அன்றைக்கே எழுதியது மங்காது. நல்ல நாள்களையும் எழுதுங்கள். அவை எப்போது வருகின்றன என்று பாருங்கள்: பெரும்பாலும் நீங்கள் விலகத் தொடங்கியதற்கு அடுத்த நாள்.

இந்தக் குறிப்பு அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பொதுவான கணினியிலோ அவருக்குப் பாஸ்வேர்டு தெரிந்த போனிலோ வைத்தால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமாகும். நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இருக்கும் சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்.

போன் விஷயத்தில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை தப்பினால் உழைப்பெல்லாம் வீண். முதலில் இமெயில். மற்ற பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டை இமெயில் வழியாக மாற்றிவிட முடியும். அது அவர் கையில் இருந்தால் நீங்கள் மாற்றியதை அவர் ஐந்து நிமிடத்தில் திருப்பி மாற்றிவிடுவார். வேறு ஒரு சாதனத்திலிருந்து புதிய இமெயில் கணக்கு ஒன்றைத் திறந்து, முக்கியமான கணக்குகளை அதனோடு இணையுங்கள். பிறகு வங்கி. பிறகு பேச்சுச் செயலிகள்: அவற்றில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற பகுதியைத் திறந்தால், உங்கள் கணக்கு வேறெந்தக் கணினியில் திறந்து கிடக்கிறது என்று தெரியும். அடுத்து, படங்களும் தொடர்பு எண்களும் இணையத்தில் தானாகச் சேமிக்கப்படும் மேகக் கணக்கு (கிளவுட்). கடைசியாக, இருப்பிடப் பகிர்வு. அதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதை நிறுத்திய நொடியே அவருக்குத் தெரிந்துவிடலாம். வன்முறை பயம் இருந்தால், கிளம்பும் நாள் வரை அதைத் தொடாதீர்கள். போனில் உளவுச் செயலி இருக்கும் என்று சந்தேகம் வந்தாலும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அழித்தால் அவருக்குத் தெரியும், ஆதாரமும் போய்விடும். முக்கியமான பேச்சுகளுக்கு வேறு போனைப் பயன்படுத்துங்கள். பாதுகாப்புக் கேள்விகளையும் மாற்றுங்கள். உங்கள் முதல் பள்ளியின் பெயர் அவருக்குத் தெரியாதா என்ன?

அடையாளச் சான்றுகள், படிப்புச் சான்றிதழ்கள், மருந்துச் சீட்டுகள், குழந்தைகள் இருந்தால் அவர்களுடையவை, இவற்றின் நகல்கள் ஒருவரிடம் இருக்கட்டும். உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, அதன் கடிதங்கள் வீட்டுக்கு வராதபடி. கூட்டுக் கடன், அவருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து இருந்தால் இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். பிரிந்தபின் பலரைத் திரும்ப இழுத்துவருவது பாசத்தை விட இந்தப் பணக் கணக்குதான்.

இரண்டு பேரிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். ஒருவர் போதாது, உங்களைத் தனிமைப்படுத்தியவர் அந்த ஒருவரை எளிதில் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அனுதாபப்படுகிறவரை விட வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவரே இதற்குத் தகுந்தவர்.

விலகுவதைச் சொல்லும் விதம்

மிக அதிகமானோர் தோற்கும் இடம் இதுதான். விட்டுப் போகுமுன் அவருக்குப் புரிய வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். என்ன செய்தார், அது எப்படி வலித்தது என்றெல்லாம் சொன்னால் ஒரு நாள் உணர்வார், "ஆமாம், தப்புதான்" என்பார் என்று நம்புகிறோம். அந்த ஆசை மிக நியாயமானது. ஆனால் அதுதான் கடைசிக் கயிறு. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அவருக்கு ஒரு பேரம். "நீங்க எப்பவும் கத்தறீங்க" என்றால் "இனிமே கத்தமாட்டேன்" என்பார். காரணம் தீர்ந்துவிட்டது, இனி நீங்கள் ஏன் போக வேண்டும்? ஏழு காரணம் சொன்னால், அவற்றில் வலுவில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழையும் உடைப்பார்.

காரணம் சொல்லாத முடிவை உடைக்க முடியாது. இப்படி:

"இந்த உறவைத் தொடர எனக்கு விருப்பமில்லை. இது என் முடிவு. இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், "இது என் முடிவு." நான் என்ன தப்பு செய்தேன் என்றால், "அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. இது என் முடிவு." வார்த்தைகளை மாற்றாதீர்கள். மாற்றிச் சொன்னால் புதிதாக ஒரு கதவு திறந்ததென்று நினைப்பார். மூன்றாவது தடவைக்கு மேல் சொல்லவும் வேண்டாம். எழுந்து போய்விடலாம், போனை வைத்துவிடலாம். நேரில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கடமையும் இல்லை. எழுத்தில் அனுப்புவது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எழுத்தில் இருப்பதைப் பின்னால் யாரும் "நீ அப்படிச் சொல்லவே இல்லை" என்று மாற்ற முடியாது.

முழுவதும் விலக முடியாதபோது

குழந்தைகள் இருவருக்கும் பொது, அல்லது அவர் மேலதிகாரி, அல்லது பெற்றவர். இங்கே முழுத் துண்டிப்பு பலருக்கு முடியாது. ஆனால் தொடர்பு வழியைச் சின்னதாக்கலாம். ஒரே வழி, அதுவும் எழுத்தில். இமெயில் நல்லது. அந்தக் கணக்கின் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஒரு முறை, நீங்கள் குறித்த நேரத்தில் மட்டும் திறந்து பாருங்கள். இரவு படுக்கும் முன் வேண்டாம்.

பதில் நான்கு வரிக்குள் இருக்கட்டும். தகவல் மட்டும், மரியாதையான தொனி, முடிவான வாக்கியம். "பொறுப்பே இல்லாத உன்கிட்ட பிள்ளையை எப்படி விடறது? சனிக்கிழமையாவது நேரத்துக்கு வருவியா?" என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெல்லாம் பதறும். முழு வரலாற்றையும் எழுதத் தோன்றும். அந்தச் செய்தியில் பதில் தேவைப்படுவது எது என்று பாருங்கள். சனிக்கிழமை நேரம் ஒன்றுதான். "வணக்கம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். ஞாயிறு மாலை 6 மணிக்குக் கொண்டுவந்து விடுகிறேன். நன்றி." பொறுப்பில்லாதவர் என்ற வார்த்தை பதில் கிடைக்காமல் அங்கேயே கிடக்கும். எழுதியதை ஒரு மணி நேரம் கழித்துப் படித்து அனுப்புங்கள். அதில் "ஏனென்றால்", "எப்போதும்", "ஒருபோதும்" என்று இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

நேரில் பார்க்க வேண்டிய இடங்களில், சாம்பல் நிறக் கல் போல இருப்பது என்று ஒரு முறை சொல்வார்கள். கோபம், அழுகை, உற்சாகம் எதையும் காட்டாமல் "சரி", "பார்க்கலாம்", "தெரியலை" என்று மட்டும் பேசுவது. உங்கள் உணர்ச்சிதான் அவருக்குத் தீனி என்றால், தீனி கிடைக்காத இடத்தில் அவருக்கு அலுத்துவிடும். இதில் இரண்டு பிழைகள் நேரும். வன்முறையாளரிடம் இந்த அலட்சியம் கோபத்தைக் கிளப்பலாம், அங்கே இதைச் செய்யாதீர்கள். அடுத்தது, மாதக்கணக்கில் கல்லாக இருந்தவர்கள் தங்கள் குழந்தைகளிடமும் நண்பர்களிடமும்கூட கல்லாகிவிடுகிறார்கள். அந்த மனிதரைப் பார்த்துவிட்டு வந்தபின் மனம்விட்டுப் பேச, அழ, சிரிக்க ஓரிடம் கட்டாயம் வேண்டும்.

மேலதிகாரி விஷயம் சுருக்கமானது. வாய்மொழியாக எது சொன்னாலும், அன்றே "இன்று பேசியபடி, இந்த வேலையை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கிறேன். மாற்றம் இருந்தால் சொல்லவும்" என்று இமெயில் அனுப்பிவிடுங்கள். பின்னால் "நான் அப்படிச் சொல்லலையே" என்பதற்கு வழி இருக்காது. வேறு வேலை தேடுவதைச் சக ஊழியரிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

விலகிய பின்: அது மோசமாகித்தான் பிறகு குறையும்

தீனி நின்ற புறா உடனே ஓய்ந்துவிடுவதில்லை. முதலில் முன்னைவிட வேகமாக, ஆவேசமாகக் கொத்தும். ஆட்டிவைப்பவரும் அப்படித்தான். நாளுக்கு மூன்று முறை அழைத்தவர் முப்பது முறை அழைப்பார். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள், "விலகினதும் நிலைமை இன்னும் மோசமாயிடுச்சே" என்று பயந்து இறங்கிவந்துவிடுகிறார்கள். முப்பதாவது அழைப்பை எடுத்துவிட்டால், முப்பது முறை அழைத்தால் எடுப்பார் என்பதைத்தான் நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள். அடுத்த தடவை அவர் முப்பதில் நிறுத்தமாட்டார். எடுத்துத் திட்டுவதும் எடுப்பதுதான். "இனிமே போன் பண்ணாதீங்க" என்று பதினைந்தாவது முறையாகச் சொல்வதும் எடுப்பதுதான்.

வேடங்கள் மாறி மாறி வரும். முதலில் கண்ணீரும் பரிசும். பிறகு திடீர் நோய். பிறகு "உன்னை ஊர் முழுக்க நாறடிக்கிறேன்". அது பலிக்காவிட்டால், எதுவுமே நடக்காத மாதிரி "எப்படி இருக்க?" என்று ஒரு வரி. எதற்கும் பதில் இல்லை. மிரட்டல்களை மட்டும் அழிக்காமல் தேதி, நேரம், எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறைக்குப் போக நேர்ந்தால் அவை உதவும்.

"நீ போயிட்டா நான் செத்துடுவேன்" என்பது பலரை உடைத்துவிடும். அதை நாடகம் என்று ஒதுக்கவும் வேண்டாம், ஓடிப்போய் நிற்கவும் வேண்டாம். அவசர உதவி எண்ணுக்கும் அவருக்கு நெருங்கிய ஒருவருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். உண்மையான ஆபத்து என்றால் அவருக்குத் தேவை பயிற்சி பெற்றவர்களின் உதவி, அது கிடைத்துவிடும். மிரட்டல் என்றால் அது உங்களை அங்கே இழுத்துவராது. இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள்.

தூதுவர்கள் வருவார்கள். "பாவம், ரொம்ப இளைச்சுட்டார், ஒரு வார்த்தை பேசேன்" என்று. அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். உண்மையாகவே சமாதானம் செய்துவைக்கத்தான் பார்க்கிறார்கள். அவர்களிடமும் விளக்கம் வேண்டாம், சொன்னது அன்று மாலையே அங்கே போய்ச் சேரும். "அவரைப் பற்றி நாம் பேச வேண்டாம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று பேச்சை மாற்றுங்கள். மூன்று முறை மாற்றியும் விடாதவரிடமிருந்து கொஞ்ச காலம் தள்ளி இருங்கள்.

உங்கள் பக்கமும் இழுக்கும், பெரும்பாலும் இரவில். அந்த நேரத்துக்கென்று முன்னாலேயே ஒரு ஏற்பாடு செய்துவையுங்கள்: அழைக்கக் கூடிய ஒருவர், அந்தக் குறிப்பேட்டில் மிக மோசமான மூன்று நாள்களின் பக்கங்கள், இருபது நிமிடம் நடை. ஏக்கம் அலை போல எழுந்து தணியும். தணியும் வரை போனைத் தொடாமல் இருந்தால் போதும். அவருடைய சமூக வலைத்தளப் பக்கத்தை எட்டிப் பார்ப்பதும் தொடர்புதான், அவருக்குத் தெரியாவிட்டாலும்.

சிலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஒரு முறைக்கு மேலும் போகிறார்கள். அதனால் எல்லாம் பாழாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எந்த வழியாக இழுக்கப்பட்டீர்கள் என்று பாருங்கள்: மாற்றாமல் விட்ட ஒரு எண்ணா, கடன் பாக்கியா, பிறந்தநாள் செய்தியா? அடுத்த முறை அந்த வழியை அடைத்துவிட்டுப் புறப்படலாம்.

வெளியே வந்தபின் எந்தச் சட்டை போடுவது என்றுகூட முடிவெடுக்க முடியாமல் திகைப்பது இயல்பு. இவ்வளவு நாள் எல்லா முடிவும் "அவர் என்ன சொல்வாரோ" என்பதை வைத்தே நடந்தது. தினமும் ஒரு சின்ன முடிவை யாரையும் கேட்காமல் எடுத்து, அதற்குக் காரணமும் சொல்லாமல் பழகுங்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், நடந்தது கண்முன் திரும்ப ஓடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். தனியாகப் போங்கள். அவரோடு சேர்ந்து தம்பதி ஆலோசனைக்குப் போவது, கட்டுப்படுத்தும் உறவில் பெரும்பாலும் தீங்கு. அந்த அறையில் நீங்கள் மனம்திறந்து சொன்னதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

கடைசியாக ஒரு கோரிக்கை வரும்: "ஒரே ஒரு தடவை பாத்துப் பேசி முடிச்சுக்கலாம். உன் சாமானெல்லாம் என்கிட்டதான் இருக்கு." சாமான்களைப் பட்டியல் போட்டு எழுத்தில் அனுப்புங்கள். எடுத்துவர வேறொருவரை அனுப்புங்கள். நாளும் நேரமும் எடுக்கப் போகிறவரே பேசி முடிவு செய்யட்டும். எடுக்கப் போனவர் வாசலில் நிற்கும்போது நீங்கள் போனில்கூட இருக்க வேண்டாம். பட்டியலில் இரண்டு பொருள் வராமல் போனால், அவற்றை விட்டுவிடுங்கள்.